ஓடுவதும் ஓட்டுவதும்: ஓர் அளவுகோலின் வரலாறு

தமிழிலக்கண மரபு வினைகளைத் தன்வினை, பிறவினை எனப் பகுக்கும். உருண்டது, உருட்டினான், திரும்பியது, திருப்பினான், ஓடியது, ஓட்டினான். முதல் வடிவில் செயல் எழுவாயோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் வடிவில் அச்செயலை நிகழ்விக்கும் ஒருவர் வந்து சேர்கிறார். ‘கார் ஓடுகிறது’, ‘காரை ஓட்டுகிறார்’ ஆகிய இரண்டும் ஒரே நிகழ்வைக் குறிக்கலாம். ஆனால் அந்த நிகழ்வில் எதை மதிப்பிடுகிறோம் என்று கேட்டால் இரண்டும் வெவ்வேறு திசைகளைக் காட்டும். ஸ்போர்ட்ஸ் கார்களை மதிப்பிடும் முறை கடந்த ஒரு நூற்றாண்டில் இவ்விரு வினைகளுக்கிடையே எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பதே இப்பதிவின் பொருள். சற்று நீண்ட பதிவு. பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் தரத்தை எதைக்கொண்டு அறிவது? நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எத்தனை விநாடியில் எட்டுகிறது என்பது ஒரு விடை. நம் பேச்சுவழக்கில் ‘பிக்கப்’ என்போமே, அதன் எண்வடிவம் இது. தேர்ந்த ஓட்டுநர் ஒருவரின் கையில் அந்தக் கார் வளைவுகளில் எவ்வாறு நடந்துகொள்கிறது, அவருடைய திறனுக்கு எவ்வளவு இடமளிக்கிறது என்பது மற்றொரு விடை. இன்றைய விளம்பரங்களிலும் காணொளிகளிலும் முதல் விடையே முன்னிற்கிறது. அது இயற்கையிலேயே அமைந்த அளவுகோல் போலத் தோன்றும் அளவுக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்த அளவுகோலும் ஒரு காலத்தில், ஒரு தேவைக்காக உருவானதுதான்.

1895இல் தொடங்கப்பட்ட ‘தி ஆட்டோகார்’ என்ற பிரித்தானிய இதழ் 1928இல் முறையான சாலைச் சோதனைகளை வெளியிடத் தொடங்கியது. போருக்கு முந்தைய அச்சோதனைகளில் மணிக்கு 10 மைலிலிருந்து 30 மைலை எட்ட ஒவ்வொரு கியரிலும் ஆகும் நேரம் போன்ற அளவுகள் இடம்பெற்றன. நெரிசலான சாலையில் மெதுவாகச் செல்லும் கார், கியரை மாற்றாமலே எவ்வளவு இணக்கமாக வேகம் கூட்டும் என்பதை அறிவதே அதன் நோக்கம். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 96.6 கி.மீ., எட்டும் நேரத்தை அமெரிக்க வாசகர்களிடையே நிலைபெறச் செய்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் டாம் மெக்காஹில். 1946 முதல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழில் கார்களைச் சோதித்து எழுதியவர் அவர்.

அந்த எண் எதற்கு மாற்றாக வந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் கார் வாங்குவோருக்குக் கிடைத்தது பெரும்பாலும் நிறுவனங்களின் புகழுரை. ஒரு கடிகாரமும் ஒரு நேர்ச்சாலையும் இருந்தால் யாரும் சரிபார்க்கக்கூடிய ஓர் எண்ணை இதழாளர் முன்வைத்தபோது, வாசகரின் கை ஓங்கியது. ஆகவே முடுக்கத்தை எண்ணால் அளந்தது அறியாமையின் விளைவு என்று ஒதுக்க இயலாது. அது ஒரு சனநாயகக் கருவியாகவே பிறந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்று அந்த எண்ணுக்குள் ஓட்டுநரும் இருந்தார். எஞ்சினை எந்தச் சுழற்சியில் வைத்துக் கிளட்சை விடுவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சட்டென்று விட்டால் சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று டயர் புகையும். தயங்கி விட்டால் நேரம் வீணாகும். அடுத்து கியர் மாற்றம். கைக்கும் காலுக்கும் இடையிலான ஒத்திசைவில் கால் விநாடி கூடலாம், குறையலாம். ஒரே காரை இருவர் சோதித்தால் இரு எண்கள் வருவது இயல்பு. ஆக, தொடக்கத்தில் அந்த எண் ஓட்டியவரையும் சேர்த்தே அளந்தது.

முடுக்கத்துக்கும் ஓட்டுதிறனுக்கும் இடையிலான இப்பிரிவு மண்ணிலும் தடம் பதித்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பல நாடுகளில் விமான ஓடுதளங்கள் பயனற்றுக் கிடந்தன. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகத்தை அளந்து பழகிய இளைஞர்கள் ஓடுதளத்தின் நேர்கோட்டைப் பயன்படுத்தினர். 1950இல் சாண்டா ஆனா விமான நிலையத்தில் கால் மைல், அதாவது 402 மீட்டர், தொலைவுக்கான முறைப்படுத்தப்பட்ட போட்டிகள் தொடங்கின. 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். டிராக் பந்தயம் ஒரு விளையாட்டாக நிலைபெற்றது. பிரித்தானியாவில் வேறு வழி பிறந்தது. குட்வுட்டில் விமானத் தளத்தைச் சுற்றிச் சென்ற ஓரச்சாலையே பந்தயத் தடமாயிற்று. சில்வர்ஸ்டோனில் ஓடுதளங்களும் ஓரச்சாலைகளும் இணைக்கப்பட்டன. இரண்டும் 1948இல் பந்தயங்களுக்குத் திறக்கப்பட்டன. ஒரே வகைக் களம். நேர்கோட்டை எடுத்துக்கொண்டவர்கள் முடுக்கத்தையும், வளைவுகளைச் சேர்த்துக்கொண்டவர்கள் ஓட்டுதலையும் போற்றும் மரபுகளை வளர்த்தனர். இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் வளைவுகள் நிறைந்த நிலையான தடம் அமைந்தது.

அமெரிக்கா முழுவதும் நேர்கோட்டின் பக்கம் சாய்ந்துவிடவில்லை. புளோரிடாவின் செப்ரிங்கும் ஒரு விமானத் தளமே. 1950 டிசம்பர் 31 அன்று அங்கு நடந்த ஆறு மணிநேரப் பந்தயத்தில் வெற்றி பெற்றது குரோஸ்லி ஹாட் ஷாட் என்ற சின்னஞ்சிறு கார். முக்கால் லிட்டருக்கும் குறைந்த எஞ்சின் கொண்ட அது, அதிகத் தொலைவு ஓடிய கார் அன்று. எஞ்சினின் கொள்ளளவைக் கருத்திற்கொண்டு இலக்கை வகுக்கும் சூத்திரத்தின்படி அதற்கு முதலிடம் கிடைத்தது. அளவுகோலை மாற்றினால் வெற்றியாளரும் மாறுவார் என்பதற்கு இது ஒரு சான்று.

வளைவில் நிகழ்வதைப் புரிந்துகொள்ளச் சிறிது இயற்பியல் தேவை. டயர் சாலையைப் பற்றும் விசைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வேகம் கூட்டவும், பிரேக் பிடிக்கவும், வளையவும் அந்த ஒரே விசையைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முழுவதையும் பிரேக்கிற்குச் செலவிட்டால் வளைய எதுவும் மிஞ்சாது. கார் நேராகச் சறுக்கும். 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில், பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவை எட்டும் அளவுக்குப் பிடிமானம் இருக்கிறது எனக் கொள்வோம். அங்கு இயலக்கூடிய உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 கி.மீ. இந்தக் கணக்கில் எஞ்சினின் குதிரைத்திறன் எங்குமே வருவதில்லை. அந்த 80ஐ 79 ஆகவோ 70 ஆகவோ ஆக்குவது, பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் கணமும், ஸ்டியரிங்கைத் திருப்பும் வேகமும், அதனால் காரின் எடை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே மாறும் விதமும்தான்.

1957 ஆகஸ்ட் 4 அன்று நூர்பர்க்ரிங்கில் நடந்த ஜெர்மன் கிராண்ட் பிரீ இதற்கான செவ்வியல் எடுத்துக்காட்டு. 22 கி.மீ.க்கும் மேல் நீண்ட, மலைக்காட்டின் ஊடே வளைந்து செல்லும் தடம். மொத்தம் 22 சுற்றுகள். 46 வயதான ஹுவான் மனுவேல் ஃபான்ஜியோ மசெராட்டி 250எஃப் காரை ஓட்டினார். பாதியளவு பெட்ரோலோடு புறப்பட்டு, இடையில் நின்று பெட்ரோல் நிரப்பி டயர் மாற்றுவது அவரது திட்டம். அந்த நிறுத்தம் எதிர்பார்த்ததைவிட நீண்டுவிட்டது. மீண்டும் தடத்துக்கு வந்தபோது ஃபெராரி ஓட்டுநர்களான மைக் ஹாத்தார்னும் பீட்டர் காலின்ஸும் ஏறத்தாழ முக்கால் நிமிடம் முன்னே இருந்தனர். அதன்பின் ஃபான்ஜியோ சுற்றுச் சாதனையை மீண்டும் மீண்டும் முறியடித்தார். 20ஆம் சுற்றில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 9 நிமிடம் 17.4 விநாடி. தகுதிச் சுற்றில் அதே காரில் அவரே எட்டியிருந்த நேரம் 9 நிமிடம் 25.6 விநாடி. 21ஆம் சுற்றில் இருவரையும் முந்தி, 3.6 விநாடி வேறுபாட்டில் வென்றார். அதே கார், அதே எஞ்சின், அதே மனிதர், எனினும் 8.2 விநாடி குறைந்தது. அந்த 8.2 விநாடிக்கான விளக்கத்தை எஞ்சினில் தேடிப் பயனில்லை.

ஒரு சான்றைக்கொண்டு பொதுவிதி வகுப்பது ஆய்வுமுறைக்கு ஏற்றதன்று. ஆகவே 1961ஆம் ஆண்டு முழுவதையும் பார்ப்போம். அவ்வாண்டு எஞ்சின் கொள்ளளவு 1.5 லிட்டருக்குக் குறைக்கப்பட்டது. ஃபெராரி ஆற்றல் மிக்க ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஆயத்தமாக இருந்தது. ஸ்டிர்லிங் மாஸுக்கு வாய்த்ததோ, தனியார் அணியொன்றின் முந்தைய ஆண்டு லோட்டஸ் 18. ஆற்றலில் குறைந்த நான்கு சிலிண்டர் எஞ்சின். குறுகிய, வளைவுகள் நிறைந்த மொனாக்கோ தெருக்களில் 100 சுற்றுகள் ஓட்டி, ரிச்சி கிந்தரின் ஃபெராரியை 3.6 விநாடி வேறுபாட்டில் மாஸ் வென்றார். அடுத்த மாதம் பெல்ஜியத்தின் அதிவேகத் தடமான ஸ்பாவில் முதல் நான்கு இடங்களையும் ஃபெராரி கார்களே பிடித்தன. ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்கின் வளைவுகளில் மீண்டும் மாஸ். ஆண்டிறுதியில் உலகச் சாம்பியன் பட்டம் ஃபெராரி ஓட்டுநர் ஃபில் ஹில்லுக்கு. திறனுக்கு இடமளிக்கும் தடங்களில் திறன் வென்றது. நீண்ட நேர்கோடுகள் ஆற்றலுக்குப் பரிசளித்தன. எது பெரிது என்ற வினாவுக்கு, எந்தக் களத்தில் என்று கேட்காமல் விடையில்லை.

முடுக்க எண் ஓர் அளவுகோல் என்ற நிலையிலிருந்து இலக்கு என்ற நிலைக்கு மாறியது 1960களில். 1964இல் பாண்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ. என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பெயர் ஃபெராரி 250 ஜி.டி.ஓ.விடமிருந்து எடுத்தாளப்பட்டது. அவ்வாண்டு ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் இவ்விரு ஜி.டி.ஓ.க்களையும் ஒப்பிட்டு எழுதி, பாண்டியாக் 4.6 விநாடியில் 60 மைல் வேகத்தை எட்டியதாக அறிவித்தது. பல ஆண்டுகளுக்குப் பின், பாண்டியாக்கின் விளம்பரப் பணிகளைக் கவனித்த ஜிம் வேங்கர்ஸ் உண்மையை வெளியிட்டார். சோதனைக்குத் தரப்பட்ட காரில் விற்பனைக் கார்களின் 6.4 லிட்டர் எஞ்சின் இல்லை, 6.9 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. அட்டைப்படத்தில் அருகருகே வரையப்பட்டிருந்தாலும் ஃபெராரி அச்சோதனைக்கு வரவே இல்லை. நிறுவனங்களின் மிகைக்கூற்றைக் கட்டுப்படுத்தப் பிறந்த எண், இருபது ஆண்டுகளுக்குள் மிகைக்கூற்றின் கருவியாகிவிட்டது. ஓர் அளவை இலக்காக்கிவிட்டால் அது நம்பத்தக்க அளவாக நீடிக்காது என்று பின்னாளில் பொருளியலில் வழங்கப்பட்ட விதி, சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் முன்வைத்த கருத்திலிருந்து கிளைத்தது. மேற்கோள் எண்ணிக்கையும் தரவரிசைப் புள்ளிகளும் சூழ வாழும் நமக்கு அந்த விதியை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஓட்டுதிறன் சார்ந்த மதிப்பீடு வெறும் மனப்பதிவா? இது நேர்மையான ஐயம். அந்த மரபு தனக்கென ஒரு துல்லியமான கலைச்சொற்கோவையை உருவாக்கிக்கொண்டது என்பதே என் விடை. பிடிமானம் தீரும் வேளையில் முன்சக்கரங்கள் முதலில் சறுக்கினால் அண்டர்ஸ்டியர். பின்சக்கரங்கள் முதலில் சறுக்கினால் ஓவர்ஸ்டியர். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஒல்லி போன்ற பொறியாளர்களின் ஆய்வுகளோடு வேரூன்றிய சொற்கள் இவை. பிடிமானம் தீரும் முன் கார் ஸ்டியரிங் வழியாக எச்சரிக்கிறதா, எல்லையைக் கடந்தபின் மீட்க இடம் தருகிறதா, வளைவின் நடுவே காலைத் தூக்கினால் என்ன செய்கிறது என்பன தேர்ந்த சோதனையாளர் பலர் தனித்தனியே சோதித்து ஒத்த முடிவுக்கு வரக்கூடிய வினாக்கள். எண்ணாக இல்லாத அறிவெல்லாம் வெறும் கருத்து என்பது மொழியியல் பயின்றவர்களுக்குப் பழகிய, நெடுங்காலம் மறுத்துவந்த ஒரு தப்பெண்ணம்.

1989இல் அறிமுகமான மாஸ்தா எம்.எக்ஸ்.-5 இந்த மரபை நேரடியாகக் கையிலெடுத்தது. 1.6 லிட்டர் எஞ்சின், அமெரிக்க வடிவில் 116 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. நேர்கோட்டில் சாதாரணக் கார்கள் பலவும் அதற்கு ஈடுகொடுத்திருக்கும். குதிரையும் வீரனும் ஓருடல் என்ற பொருள் தரும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற சப்பானியத் தொடரையே அதன் வடிவமைப்பாளர்கள் இலக்காகக் கொண்டனர். 2016இல் அதன் உற்பத்தி 10 லட்சத்தைத் தொட்டது.

இங்கு ஓர் எதிர்வாதத்தையும் வைக்க வேண்டும். ஓட்டுதிறனின் காவியங்கள் பெரும்பாலும் உயிர்பிழைத்தவர்களைப் பற்றியவை. ஃபான்ஜியோ முந்திச் சென்ற பீட்டர் காலின்ஸ், மறு ஆண்டு அதே நூர்பர்க்ரிங்கில், அதே ஜெர்மன் கிராண்ட் பிரீயில் விபத்துக்குள்ளாகி 26 வயதில் இறந்தார். விமானத் தளத்திலிருந்து பிறந்த குட்வுட் தடத்தில் 1962இல் நேர்ந்த விபத்து, மாஸின் உயர்நிலைப் பந்தய வாழ்வை முடித்துவைத்தது. மனிதத் தவறுக்கு மரணத்தை விலையாக வைத்த கார்களை ‘திறனைச் சோதிக்கும் கார்கள்’ என்று கொண்டாடுவதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. 1978இல் பாஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ். பிரேக்கும், 1995இல் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பும் மெர்சிடிஸ் கார்களில் வந்தபோது, ஓட்டுநரின் பணியில் ஒரு பகுதி இயந்திரத்திடம் சென்றது. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்களை எண்ணிப் பார்க்கும் எவரும் அந்த இழப்புக்காக வருந்த மாட்டார்.

வருந்தத்தக்கது வேறொன்று. அதே மின்னணுவியல் முடுக்க எண்ணுக்குள்ளிருந்த ஓட்டுநரையும் வெளியேற்றியது. இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியும் லாஞ்ச் கன்ட்ரோலும் கொண்ட காரில், பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒருசேர அழுத்திப் பிரேக்கை விட்டால் போதும். கிளட்ச், கியர், சக்கரச் சுழற்சி அனைத்தையும் கணினி கவனித்துக்கொள்ளும். இன்று நான் அழுத்தினாலும் சாம்பியன் ஒருவர் அழுத்தினாலும் ஏறத்தாழ ஒரே எண்தான் வரும். மின்கார்கள் இதை முற்றுப்பெறச் செய்தன. 2021இல் வந்த குரோவேசியாவின் ரிமாக் நெவேரா 60 மைல் வேகத்தை 1.85 விநாடியில் எட்டுவதாக அறிவிக்கப்பட்டது. இந்த எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்கச் சோதனை மரபில், கார் முதல் ஓரடி நகர்ந்த பின்னரே கடிகாரம் தொடங்கும். அதனால் ஏறத்தாழ கால் விநாடி கணக்கிலிருந்து விடுபடும். ரிமாக்கின் எண்ணும் அவ்வாறு கணக்கிடப்பட்டதே. மொத்தமே இரண்டு விநாடிக்குள் அடங்கும் ஓர் அளவில் கால் விநாடி சிறிதன்று.

இந்த இடத்தில் சந்தையே ஒரு தீர்ப்பு வழங்கியது. 2013இல் போர்ஷே 911 ஜி.டி.3, தானியங்கும் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியோடு மட்டும் வந்தது. கையால் கியர் மாற்றும் வசதி இல்லாததை அந்தக் காரின் ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2016இல் கைக்கியரோடு மட்டும் 991 கார்கள் 911 ஆர் என்ற பெயரில் தயாராயின. 2017இல் ஜி.டி.3 காரிலும் கைக்கியர் திரும்பியது. நிறுவனமே அளித்த எண்களின்படி, தானியங்கிப் பெட்டியுள்ள கார் 3.4 விநாடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டும், கைக்கியருள்ள கார் 3.9 விநாடியில். அரை விநாடி மெதுவானது என்று தெரிந்தே பலர் அதைத் தேர்ந்தனர். எண் மட்டுமே தரம் என்றால் அவர்களை அறிவிலிகள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த வரலாறு சொல்வதாக நான் கருதுவது இதுதான். முடுக்க எண் முதலில் காரையும் ஓட்டுநரையும் சேர்த்து அளந்தது. அப்போது அது துல்லியமற்றது, பொருளுள்ளது. துல்லியம் கூடக்கூட ஓட்டுநர் அதிலிருந்து விலகினார். யார் அழுத்தினாலும் மாறாத எண் என்ற முழுமையை அடைந்தபோது, ஸ்போர்ட்ஸ் காரைப் பிற கார்களிலிருந்து பிரித்துக்காட்டும் தன்மையை அது இழந்துவிட்டது. குடும்பத்தோடு கடைக்குச் செல்லும் மின்காரும் இன்று அந்த எண்ணைப் பெறக்கூடும். ‘ஸ்போர்ட்’ என்ற சொல் அப்பெயரில் இருப்பதற்கு ஏதேனும் பொருள் உண்டெனில், ஆடுபவருக்கு ஏற்ப ஆட்டம் மாற வேண்டும். தேர்ந்தவர் கையிலும் கற்பவர் கையிலும் ஒரே விளைவைத் தருவதை ஆட்டம் என்று நாம் அழைப்பதில்லை. அவ்வகையில், ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிக் கேட்கத்தக்க முதல் வினா, ஓட்டுநர் கற்றுத் தேறத் தேற அந்தக் கார் எவ்வளவு கூடுதலாகத் தருகிறது என்பதாகும். அந்த வினாவுக்கு விடை காண ஒரே ஓட்டுநர் ஓராண்டு ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கலாம். அதை இரண்டு விநாடியில் அளக்க முடியாது என்பதனால் அது அளக்கத் தகாதது ஆகிவிடாது.

‘ஓட்டு’ என்ற வினையை நாம் காருக்கு மட்டும் வழங்குவதில்லை. ஏர் ஓட்டுகிறோம், படகு ஓட்டுகிறோம், தையல் இயந்திரம் ஓட்டுகிறோம். ஒவ்வொன்றிலும் கருவியின் திறனும் கையின் திறனும் பிரிக்கவியலாதபடி கலந்திருப்பதை அந்த ஒரு சொல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் துறைகளிலும், இவ்வாறு பயன்படுத்துபவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத் துல்லியம் பெற்ற அளவுகோல்கள் இருக்கும். அவற்றின் வரலாற்றை அறிந்தவர்கள் இங்கு பகிர்ந்தால் இந்த உரையாடலை மேலும் எடுத்துச் செல்லலாம்.